மறுகாலில் போட்ட கதவுகள்

போன வருஷம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். சால்வை போர்த்தி, "இவர் இல்லாமல் செக்‌ஷன் எப்படி நடக்கப் போகிறதோ தெரியவில்லை" என்று நாலு பேர் உருகிப் பேசினார்கள். மறுநாளும் ஆபீஸ் வழக்கம்போலத் திறந்தது என்று கேள்விப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் என் மகள் வயசுப் பெண். அன்றைக்கு டீக்கடையில் பார்த்தபோது போனை நீட்டினார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் கலராகப் புயல் எச்சரிக்கை. "எண்பதுகள்ல உங்களுக்கெல்லாம் இது எப்படி சார் வரும்?" என்றார். "ரேடியோவுல வரும்மா, ரேடியோ நனையாம இருந்தா" என்றேன். சிரித்தவர், "அப்ப நம்ம ஆபீஸ் மலருக்கு எழுதிக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜோக் அடித்தால் இப்படித்தான், வேலை வந்து சேரும்.

குளம், வாய்க்கால் பார்க்கும் பொதுப்பணித் துறையில் நான் ஒர்க் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தையை மட்டும் கேட்ட என் அப்பா, பக்கத்து வீட்டுக்காரனிடம் "இனிமே வரப்புத் தகராறு வச்சுக்காத" என்று எச்சரித்துவிட்டு வந்தார். நான் காக்கிச் சட்டைக்குப் பதிலாக மண்வெட்டியோடு வீடு வந்ததும் அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. சைக்கிள் ஒன்று, குடை ஒன்று, மேலே ஓவர்சியர் ஒருவர். பயிற்சி அவ்வளவுதான்.

அந்த ஓவர்சியர் அருளானந்தம் சார். திண்டுக்கல்காரர். யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். "கரை நனைஞ்சிருக்கான்னு காலுக்குத்தான் தெரியும் முத்தையா" என்பார். நானும் கழற்றினேன். என் காலுக்கு முள் மட்டும்தான் தெரிந்தது.

அவர் பையில் துண்டில் சுற்றி ஒரு டீக்கடை கண்ணாடி டம்ளர் எப்போதும் இருக்கும். ஊருக்கு ஊர் டீ குடிக்கிற சுத்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சேர்ந்த வருஷம் சித்திரையில் ஒரு சூறைக்காற்று. எங்கள் பக்கத்தில் புயலென்றால் கடற்கரைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைப்பு. எங்களுக்கென்று இருப்பது இந்தக் கோடைக்காற்று. ரேடியோவிலும் சொல்லாமல் அரைமணி நேரத்தில் வந்து போய்விடும். அன்றைக்கு வடமதுரைப் பக்கம் எங்கள் சாமான் கொட்டகையின் தகரக்கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அரசாங்கச் சொத்தாயிற்றே என்று நான் தகரத்தைப் பின்னாலேயே சைக்கிளில் விரட்டினேன். அது ஒரு தக்காளிக் காட்டில் போய் இறங்கியது. காட்டுக்காரர், "என் காட்டுல விழுந்தது என்னுது" என்று தகரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் சட்டமெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது சார் வந்தார். முதலில் காட்டுக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு அடிகிடி பட்டுச்சா?" என்றார். பிறகு என்னைக் கேட்டார். பிறகு, மிதிபட்ட தக்காளியைக் குனிந்து பார்த்தார். தகரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மனுஷனே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

இதெல்லாம் சில்லறை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு குளத்தைப் பற்றி. சின்னாளபட்டி போகும் வழியில், சிறுமலை அடிவாரத்துப் பக்கம். ஊர்ப்பெயர் வேண்டாம், இப்போதும் போனால் அங்கே எனக்கு மோர் கொடுக்கிறார்கள்.

அந்தக் குளத்தின் மறுகாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து ஓடைக்குப் போகும் தாழ்வான கல்சுவர்தான் மறுகால். அதன் மேல் ஒன்றரை முழத்துக்கு ஒன்றாகக் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும், பல்வரிசை மாதிரி. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், பாசனக்காரர்கள் அந்தக் கற்களின் இடைவெளியில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். குளத்தில் இரண்டடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பழைய வழக்கம், தப்பில்லை. ஆனால் மழை முடிகிற வரைக்கும் பல்லிடுக்கில் எதுவும் இருக்கக் கூடாது.

மூன்று வருஷமாக அந்தக் குளத்தில் ஆடுதான் மேய்ந்தது. அந்தக் கார்த்திகையில்தான் முதல் தண்ணீர் வந்தது. பத்து நாளைக்கு முன் நான் போய்ப் பார்த்தபோது கற்களுக்கு நடுவே வெறும் காற்று மட்டும்தான் இருந்தது. அப்புறம் புயல் கிழக்கே கரை ஏறிவிட்டதாக ரேடியோ சொன்னது. கரை ஏறினால் புயலுக்குக் காற்றுத்தான் குறையும், மழை குறையாது. அது மேற்கே நடந்துவந்து சிறுமலையில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. விடிய விடியக் கொட்டியது.

காலையில் சாரும் நானும் ஆள்களோடு போய் இறங்கினோம். மலையிலிருந்து செந்தண்ணீர் குளத்துக்குள் இரைந்து வந்துகொண்டிருந்தது. காற்றுக்கு அலை எழும்பிக் கரையை அறைந்தது. இரண்டு மடையையும் முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள். அது யானைக்கு ஊசி குத்திய மாதிரி. தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே நின்றது. மறுகாலில் சொட்டுகூட வழியவில்லை. பல்லிடுக்கெல்லாம் களிமண்.

மறுகால் மேட்டில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு செல்லையா நின்றிருந்தார். பாசனக்காரர்களுக்குத் தலைவர். ஊரில் அவர் சொன்னால்தான் மடை திறக்கும்.

"யாரு, இன்ஸ்பெக்டரா? வாங்க வாங்க. மூணு வருஷமா தண்ணி வரல, நீங்களும் வரல. இப்பத் தண்ணி வந்ததும் கடப்பாரையத் தூக்கிட்டு வந்துட்டீக."

"செல்லையா, இந்த அடைப்பு தையிலதான போடுவீங்க?" என்றார் சார்.

"தையில அடைக்க, குளத்துல தண்ணி இருக்கணும்ல சார்? இந்தத் தடவ விட்டா எப்ப வருமோ? கரை கெட்டியா இருக்கு, நீங்க போயி டீயக் குடிங்க."

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஓரத்து இடைவெளியில் போய்க் கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன். களிமண்ணில் அது சொதக்கென்று இறங்க வேண்டும். ணங்கென்றது. கை தோள்பட்டை வரைக்கும் மரத்துப்போனது. மேலே பூசியிருந்த மண் உரிந்து விழ, உள்ளே சாம்பல் நிறத்தில் சிமெண்ட்.

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அந்த வாயில் ஒரு ஜோக் வரும். அன்றைக்கு மழைத்தண்ணீர்தான் உள்ளே போனது.

சார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "எப்பப் போட்டீங்க?" என்றார்.

"அஞ்சாறு நாளு ஆச்சு சார்." செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வைக்கோலு அலைக்குத் தாங்கலன்னு..."

"சரி. கரைக்குக் கீழ செத்த நேரம் நடந்துட்டு வருவோம், வாங்க."

கரையின் வெளிப்புற அடியை ஒட்டி நெசவாளர் தெரு. குழித்தறி போட்ட வீடுகள். நெசவு செய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி. கரைக்கு ஏதாவது ஆனால் தண்ணீர் முதலில் அந்தக் குழிகளைத்தான் தேடி வரும். மழை என்றாலும் பாதி வீட்டில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டுக் கொல்லையில் சவுந்தரம் என்ற பெண் குடத்தோடு நின்றாள். காலடியில் கரையோரமாக ஓர் ஊற்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஊறுது சார். கொல்லைக்கே கங்கை வந்துருச்சுன்னு சந்தோசமா ரெண்டு குடம் பிடிச்சு வச்சேன். இன்னைக்கு என்னடான்னா, சாயம் முக்குன தண்ணி மாதிரி வருது."

அப்போதுதான் அந்த டம்ளர் துண்டிலிருந்து வெளியே வந்தது. சார் குந்தி உட்கார்ந்து ஊற்றில் முகந்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எந்தக் குளத்துக் கரையும் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு குழாய் மாதிரி வழி உண்டாகி, அது பெரிதாகி, ஒரு நேரத்தில் கரை மொத்தமாக உட்கார்ந்துவிடும்.

நான் பதறிப்போய், இடுப்புத் துண்டை உருவி ஊற்று வாயில் திணிக்கப் போனேன்.

"அடைக்காதீங்க முத்தையா. இங்க அடைச்சா வேற எங்கயாவது பிச்சுக்கிட்டு வரும். சுத்தி மூட்டை அடுக்குங்க, கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கிற மாதிரி. தண்ணி உள்ளயே ஏறி நின்னா வேகம் குறையும். அப்பவும் குளம் இறங்கணும். இறங்கினாத்தான் நிக்கும்." அப்புறம் டம்ளரைச் செல்லையாவிடம் நீட்டினார். "பிடிங்க. கொஞ்ச நேரம் ஆடாமப் பிடிங்க."

செல்லையா பிடித்தார். அடியில் விரற்கடை அளவுக்குச் செம்மண் படிந்தது.

"இது உங்க கரைதான் செல்லையா. டம்ளர் டம்ளரா வெளிய போய்ட்டிருக்கு."

செல்லையா டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மறுகால ஒடச்சா அம்புட்டுத் தண்ணியும் ஓடையில போகும் சார். ஓடை தாங்காது. ஓடைக்கரையில எங்காடு. வெங்காயம் நிக்குது."

"தெரியும்."

"இன்னும் கொஞ்ச நாள்ல பிடுங்குற வெங்காயம்."

"தெரியும்."

"மத்தவுக என்னயச் சும்மா விடுவாகளா? ஊருத் தண்ணி சார் இது."

"விட மாட்டாங்க."

சவுந்தரம் குடத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, தண்ணி வந்தா தறியில ஓடுற பாவு நூலு போகும். கரையே வந்தா நாங்களே போயிருவோம். எதுக்கு மொதல்ல அழுகுறதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

செல்லையா டம்ளரைச் சாரிடம் கொடுத்தார். என் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். "போட்டவனுக்குத்தேன் எது எங்க இளகுமுன்னு தெரியும். வாங்க."

வேலையைச் சார் பிரித்துக் கொடுத்தார். தெருவிலுள்ள பிள்ளைகளும் முடியாதவர்களும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு. ஆள்களில் பாதிப்பேர் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைக்கு, மீதிப்பேர் மறுகாலுக்கு. மறுகாலை நடுவில் உடைக்கக் கூடாது. உடைத்தால் வேகத்தில் சுவரே பெயரும். ஓரத்திலிருந்து, ஒவ்வோர் இடுக்காக, முதலில் மேல் ஒரு சாண், அப்புறம் அடுத்த சாண். எதிரே நின்று குத்தினால் பிய்த்துக்கொண்டு வரும் தண்ணீர் ஆளையும் கொண்டுபோகும். கற்களின் தலைக்கு மேலே இருந்துதான் கீழ்நோக்கிக் குத்த வேண்டும். மேலே நிற்கப் பலகை வேண்டும். எங்கள் பலகையெல்லாம் திண்டுக்கல் கொட்டகையில் பத்திரமாக இருந்தது.

"கதவு ஆகுமா சார்?" என்றாள் சவுந்தரம்.

"எந்தக் கதவு?"

"எங்க வீட்டுக் கதவுதேன். தண்ணி வந்தா கதவு இருந்து என்னத்தத் தடுக்கப் போகுது?"

அவளே போய் நிலையிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துத் தெருவே கதவைக் கழற்றியது. நாமம் போட்ட கதவு, குழந்தை கிறுக்கிய கதவு, பித்தளை வளையம் தொங்கும் கதவு என்று குத்துக்கற்களின் தலைமேல் வரிசையாகப் போட்டோம். ஒரு கதவு இரண்டு இடுக்கைத் தாண்டியது.

கரையிலிருந்த புளியமரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் செல்லையாவின் இடுப்பில் கட்டினார் சார். நடுக்கயிற்றைப் பிடிக்கக் கதவில் ஓர் ஆள் வேண்டும்.

"முத்தையா, நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்." இதோடு தப்பித்தேன் என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. விடாமப் பிடிப்பீங்க."

குளத்து வேலைக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்பதை அன்றைக்கு ஊரே தெரிந்துகொண்டது. கதவின்மேல் குப்புறப் படுத்தேன். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் பித்தளை வளையம். கதவு தட்டுகிறவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், யாரும் திறக்கவில்லை. செல்லையா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கடப்பாரையைத் தூக்கி இடுக்குக்குள் இறக்கினார். சிமெண்டை மிச்சம் பிடித்து மணலை அள்ளிப் போட்டிருந்தார்கள். மழையில் அது சரியாக இறுகவும் இல்லை. அந்தக் கஞ்சத்தனம் எங்களைக் காப்பாற்றியது. கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. முதல் இடுக்கில் தண்ணீர் நாக்கு நீட்டியது. இரண்டாவதில் விழுந்தது. ஓடையில் இரைச்சல் தொடங்கியது.

நான்காவது இடுக்கு மேல்சாண், கீழ்சாண் என்றெல்லாம் பார்க்கவில்லை. மொத்தமாகப் பிய்த்துக்கொண்டது. கதவு எகிறியது. செல்லையா என் கண்ணெதிரே இருந்தார், அடுத்த நொடி இல்லை. கயிறு மட்டும் என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. நான் வளையத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். கதவு என்னோடு சரிந்தது. பின்னாலிருந்து யாரோ என் கால் இரண்டையும் பிடித்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் சார். சட்டைப் பையில் பேனா அப்படியே இருந்தது.

கீழே, விழுகிற தண்ணீருக்குள்ளிருந்து செல்லையாவின் குரல்: "ஏலே! கும்பிட்டுக்கிட்டா கெடக்கீக? இழுத்துத் தொலைங்கடா!"

இழுத்தோம். முழங்காலில் தோல் உரிந்து, கோணிப்பை போய், கோவணத்தோடு மேலே வந்தார். கடப்பாரை போய்விட்டது. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரிடம் சார், "போதும், வேற ஆள் போகட்டும்" என்றார்.

"வேற ஆளுக்கு எந்த இடுக்குல எம்புட்டு சிமெண்டுன்னு தெரியுமா சார்?" என்றார் செல்லையா. "இன்னொரு கடப்பாரையக் குடுங்க. இன்ஸ்பெக்டரு, நீ படு."

படுத்தேன். உள்ளங்கை எரிந்தது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பயந்துகொண்டே அடுத்த கதவுக்கு நகர்ந்தோம், அதற்கடுத்த கதவுக்கும். பொழுது சாய்வதற்குள் பல்வரிசை முழுக்கத் திறந்தது. இரண்டு கதவுகள் ஓடையோடு போய்விட்டன. கரையில் ஈரத்தடம் மேலே தெரிய, தண்ணீர் அதற்குக் கீழே விரல் விரலாக இறங்கியது. சார் ஊற்றடிக்குப் போய் டம்ளரில் முகந்து பார்த்தார், கொட்டினார். மறுபடி முகந்தார், கொட்டினார். எத்தனையோ தடவைக்குப் பிறகு டம்ளர் வழியாக அவர் விரல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சார் செருப்பைத் தேடிக் காலில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் கரைமேல் ஊர் கூடிவிட்டது. மழை விட்டிருந்தது. ஓடைப் பக்கம் பார்த்தால் செல்லையாவின் வெங்காயக் காடு இருந்த இடத்தில் செம்மண் சேறும், மலையிலிருந்து உருண்டு வந்த கல்லும். வரப்புகூடத் தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் போன தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். அதில் அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் எல்லாருக்கும் மேலே கத்தினார்.

"எங்க பங்குத் தண்ணிய யாரக் கேட்டுத் தொறந்து விட்டீக? தையில எங்க வாயில மண்ணப் போடவா?"

சார் முன்னால் வந்தார். "நான் உத்தரவு போட்டுத்தான் உடைச்சது. எம்மேல எழுதிப் போடுங்க."

"அவரு பொய் சொல்றாரு." செல்லையா முழங்காலில் கட்டுப் போட்ட துணியோடு நொண்டிக்கொண்டு வந்தார். "அடச்சதும் நாந்தேன், ஒடச்சதும் நாந்தேன். எவன் கேக்குறதா இருந்தாலும் என்னயக் கேளு."

"உன்னயத்தாண்டா கேக்குறேன்!"

"கீழ போயிப் பாத்துட்டு வந்து கேளு. பதில் சொல்றேன்."

மீசைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். சண்டைக்கு ஆள் தனியாகப் போகக் கூடாதே என்று நானும் போனேன். மூட்டை அடுக்கிய வளையத்துக்குள் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றி வந்தார். அந்த மூட்டைக்கும் கடைசி வீட்டுச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்த்தார். அந்த வீட்டுக்குக் கதவில்லை. உள்ளே சவுந்தரம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் நிழலாடியதும் நிமிர்ந்தாள். "கையோட ரெண்டு மூட்டை எடுத்துட்டு வரக் கூடாதா அண்ணே? இங்கிட்டு ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது பாருங்க" என்றாள். மறுபடி நூலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவர் மேலே ஏறி வந்தார். செல்லையா இடுப்பில் கைவைத்து நின்றார். கூட்டம் மீசைக்காரர் வாயைப் பார்த்தது. சிறுமலை மறுபடி மேகத்துக்குள் மறைந்துவிட்டது, அந்தப் பக்கமிருந்து காற்று ஈரமாக வந்தது. கரைமேல் கிடந்த மணல் மூட்டைகளைச் சார் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத்தேன் மூட்டையா?" என்றார் மீசைக்காரர்.

"இப்போதைக்கு இம்புட்டுத்தான்" என்றார் சார்.

மீசைக்காரர் குனிந்தார். ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சரிவில் இறங்கினார். செல்லையா இன்னொன்றைத் தூக்கப் போனார். கால் மடங்கியது. கூட்டத்திலிருந்து ஒருத்தர் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பின்னாலேயே இன்னொருத்தர் வந்தார்.

முதல் தூறல் விழுந்தபோது கரைமேல் மூட்டை ஒன்றும் மிச்சமில்லை. நான் காலிச் சாக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மணல் அள்ளப் போனேன்.